வாசல் பட்டறை

மாடிப்படிக்கு அடியில் கிடந்த சைக்கிளை எதிர்வீட்டுப் பெரியவர் வாசலுக்கு இழுத்து வந்தார். முன்சக்கரம் உருளவில்லை, தரையைத் தேய்த்துக்கொண்டே வந்தது. சிவப்பு ஹெர்குலிஸ் எம்.டி.பி. தடித்த டயர், நேரான ஹேண்டில்பார், முன்னால் ஷாக் அப்சார்பர், பின்னால் ஏழு பல்சக்கரங்கள். 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனியின் வண்டி. அவருடைய மகன் காலேஜுக்கு ஓட்டியது. மகன் வெளியூர் போன பிறகு அதைத் தொட ஆளில்லை. இப்போது மகள் வயிற்றுப் பேரன் லீவுக்கு வந்திருந்தான்.

எங்கள் வீட்டு மாடித் தாழ்வாரத்தில் நாற்காலி போட்டால் அவர் வாசல் முழுவதும் தெரியும். நான் எதுவும் கேட்கவில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன்.

பெரியவர் பீளமேட்டுப் பக்கம் ஒரு மோட்டார் கம்பெனியில் காயில் கட்டி ஓய்வு பெற்றவர். இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டாரை 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உருவாக்கியது இந்தக் கோயம்புத்தூரில்தான். அதற்குப் பின் இந்த ஊரில் செம்புக் கம்பி சுற்றிப் பிழைத்த கைகளுக்குக் கணக்கில்லை. இவருடையவை அவற்றில் இரண்டு. எங்கள் வடவள்ளியிலிருந்து மருதமலை முருகன் கோயில் அடிவாரத்துக்குப் போகும் சாலை மேற்கே போகப் போக மேடேறும். கிருத்திகைதோறும் சைக்கிளிலேயே போய் வந்தவருக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போயிற்று. பஸ்ஸில் போகலாம்தான். அவருக்குச் சைக்கிள் வேண்டும். அதனால் இந்த வண்டிக்கு மோட்டார் மாட்டுவது என்று முடிவு.

மோட்டார் வந்த அட்டைப்பெட்டி வாசல் திண்டில் பிரிக்காமல் இருந்தது. பேரன் அதையே சுற்றிச் சுற்றி வந்தான். பெரியவர் பெட்டிப் பக்கம் திரும்பவில்லை. முதலில் பிரேக்கைத்தான் பிரித்தார். இறுகிப்போன ரப்பர் கட்டைகளைக் கழற்றி எறிந்தார். துருப்பிடித்த ஒயரை உருவிப் புது ஒயர் கோத்தார். முன்சக்கரத்தைப் பிரித்துப் பால்ஸ்களை மண்ணெண்ணெயில் அலசி, புதுக் கிரீஸ் வைத்து மூடினார்.

"அப்புச்சி, மோட்டாரை எப்பங்க மாட்டறது?"

"நிக்கத் தெரியாத வண்டி ஓடி என்ன சாமி பண்றது?"

அன்றைக்கு வேலை அதோடு முடிந்தது.

மறுநாள் பெட்டி திறந்தது. உள்ளே உள்ளங்கைகள் இரண்டிலும் அடங்கும் ஒரு ஹப் மோட்டார், கண்ட்ரோலர், பிரேக் பிடிகள், பெடலின் அசைவை அறியும் சென்சார். சக்கரத்தின் நடுவிலேயே மோட்டாரை வைக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஆக்டன் போல்டன் என்பவர் பின்சக்கர ஹப்பில் மோட்டார் வைத்த சைக்கிளுக்கு 1895-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அந்தக் காலத்தில் இல்லாதது எடை குறைந்த பாட்டரி.

மோட்டாரிலிருந்து மஞ்சள், பச்சை, நீலம் என மூன்று தடித்த கம்பிகள் வந்தன. பெரியவர் வாழ்நாளெல்லாம் கையாண்டது சிவப்பு, மஞ்சள், நீலம். பச்சையை விரலில் சுற்றிக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றின் நுனிகளையும் ஒன்றாக முறுக்கிக்கொண்டு ஹப்பைப் பின்பக்கமாகத் திருப்பினார். அது திமிறியது. முறுக்கைப் பிரித்துவிட்டுத் திருப்பினார், லேசாகச் சுற்றியது. உள்ளே காயில் பழுதில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. மீட்டரை எடுக்கவேயில்லை.

பழைய ரிம்மையே வைத்துக்கொண்டார். மோட்டாரின் விளிம்பு அகலமானது, பழைய போக்ஸ் கம்பிகள் நீளம் அதிகம். அளந்து வாங்கிய குட்டைக் கம்பிகள் முப்பத்தாறையும் ஒன்றுவிட்டு ஒன்று குறுக்காகப் பூக்கட்டுவதுபோல் கோத்தார். சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, சக்கரத்தைச் சுற்றவிட்டு, பிரேக் கட்டையோடு ரிம் உரசும் இடத்தில் சாக்பீஸால் கோடிட்டு, நிப்பிளைக் கால் திருகு, அரைத் திருகு என்று முடுக்கிக் கோட்டம் எடுத்தார். இடையிடையே கம்பிகளை விரலால் சுண்டிக் காதைச் சாய்த்தார். ஓசை ஒன்றுபோல் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

முன்சக்கரத்தில் மாட்டினால் செயினைக் கழற்றும் வேலையே இல்லையே என்று பேரனுக்கு யோசனை. பெரியவர் ஷாக் அப்சார்பரின் அடியில் ஆக்சில் உட்காரும் காடியைக் காட்டினார். மெல்லிய அலுமினியம். மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது ஆக்சில் எதிர்ப்பக்கம் முறுக்கும். அந்த முறுக்கில் காடி பிளந்தால் ஓடும் வண்டியில் முன்சக்கரம் கழன்றுவிடும். பின்ஃபோர்க் இரும்பு, தாங்கும். அதையும் அப்படியே நம்பவில்லை அவர். ஒரு கனத்த இரும்புப் பட்டையை வைஸில் பிடித்து, ஆக்சிலின் தட்டைப் பக்கங்கள் இறுக்கமாக நுழையும்படி துளையை அரத்தால் ராவினார். ராவுவார், ஆக்சிலில் வைத்துப் பார்ப்பார், ஆட்டம் இருக்கிறதா என்று அசைப்பார், மறுபடி ராவுவார். பட்டையின் மறுமுனையைச் சட்டத்தோடு கிளாம்பு போட்டு இறுக்கினார். டார்க் ஆர்ம் என்பது இதைத்தான். ஆக்சில் சுழன்றால் அதன் வழியே வரும் கம்பிகள் முறுக்கி அறுந்துபோகும். அதைத் தடுப்பது இந்தச் சிறு பட்டை.

பாட்டரி விஷயத்தில்தான் அவர் யாரென்று முழுக்கத் தெரிந்தது. பேரன் எங்கிருந்தோ பழைய லேப்டாப் செல்கள் ஒரு பை நிறையக் கொண்டுவந்தான். ஒவ்வொன்றும் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். பத்தைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட். சால்டரிங் அயர்ன் சூடாகிக்கொண்டிருந்தது. பெரியவர் பிளக்கைப் பிடுங்கினார்.

"காயில் கட்டச் சொல்லு, கண்ண மூடிட்டுக் கட்டறேன். இது எனக்குத் தெரியாத வேலை கண்ணு. தெரியாததுல கைய வெக்கக்கூடாது."

லித்தியம் செல்லின் முனையில் சால்டரிங் சூட்டை வைத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய பிரிப்பான் கெடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் மிஷினில்தான் ஒட்ட வேண்டும். வயதும் கொள்ளளவும் வேறு வேறான செல்களைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று மற்றதை இழுத்துக் கெடுக்கும். ஒரு செல் எல்லை மீறிச் சூடேறினால் பக்கத்துச் செல்லுக்கும் தீ தாவும். அவர் பி.எம்.எஸ். என்னும் காப்புச் சர்க்யூட் உள்ளே வைத்துக் கட்டிய, உத்தரவாதச் சீட்டோடு வரும் 36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் பாட்டரியை விலை கொடுத்து வாங்கினார். மோட்டாரைவிட அதற்குத்தான் அதிகம் செலவானது. முணுமுணுக்கவில்லை. சார்ஜ் போடும் இடத்தை வாசல் கதவிலிருந்து தள்ளி, திறந்த தாழ்வாரத்தில் சிமெண்ட் மேடையில் வைத்தார். பக்கத்தில் துணி, காகிதம் எதுவும் இருக்கக்கூடாது என்று வீட்டில் சொல்லி வைத்தார். முழுதாக ஏறியதும் மீட்டர் 41.8 வோல்ட் காட்டியது. எல்லையான 42-ஐத் தாண்டவில்லை என்று தலையசைத்துவிட்டு, படுக்கப் போகுமுன் பிளக்கை எடுத்துவிட்டார்.

ஒயரிங் அவருக்குப் பழகிய வேலை. ஒவ்வொரு கம்பியும் கண்ட்ரோலருக்குள் நுழையுமுன் ஒரு வளைவு கீழே இறங்கி மேலேறியது. மழைநீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது. பிரேக் பிடியைத் தொட்டதும் மோட்டார் நிற்கும் சுவிட்சைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார். பெடலைச் சுற்றியபோது மட்டும் மோட்டார் அசையவில்லை. கிராங்க் பக்கம் குனிந்து பார்த்தார். சென்சாரின் காந்தத் தட்டைக் கழற்றித் திருப்பிப் போட்டார். சக்கரம் சுழன்றது.

பேரன் கைதட்டிவிட்டு, "ஆயிரம் வாட் மோட்டார் வாங்கியிருந்தா பறந்திருக்கும் அப்புச்சி" என்றான்.

"சைக்கிளு சைக்கிளாட்டவே இருக்கோணும் சாமி."

நல்ல தேகம் உள்ளவர் நெடுநேரம் மிதித்துத் தரும் சக்தியே ஏறக்குறைய 100 வாட்தான். அவர் வாங்கிய 250 வாட் மோட்டார் என்றால், கூடவே இரண்டு பேர் மிதிப்பதற்கும் மேல். மத்திய மோட்டார் வாகன விதிகளும் 250 வாட்டையும், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தையும்தான் எல்லையாக வைத்திருக்கின்றன. அந்த எல்லைக்குள் இருந்து, சோதனைக் கூடத்தின் சான்றும் பெற்ற வண்டிக்குத்தான் லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. வீட்டில் மாட்டிய வண்டிக்கு அந்தச் சான்று இல்லை. எல்லையை மீறாமல் இருப்பதாவது நம் கையில் இருக்கிறது. இந்த ஃபிரேமும் பிரேக்கும் பழைய சைக்கிளின் வேகத்துக்குச் செய்தவை.

சாயங்காலம் கேட்டருகே அவர் மனைவி, "ஏனுங், பாத்துப் போங்க" என்றார். பெரியவர் மிதித்தபடியே தெருமுனை மேட்டில் ஏறித் திரும்பி வந்தார். இறங்கியதும் ஹப்பில் கைவைத்துச் சூடு பார்த்தார், நட்டுகளை இன்னொருமுறை முடுக்கினார், போக்ஸ் கம்பிகளைச் சுண்டினார். புதுக் கம்பிகள் முதல் ஓட்டத்தில் தளரும்.

முழுச் சார்ஜுக்கு வீட்டு மின்சாரத்தில் அரை யூனிட்கூட ஆகாது. கூடவே மிதித்தால் கிலோமீட்டருக்கு 10 முதல் 15 வாட்-ஹவர் செலவு, அந்தப் பாட்டரியில் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தாராளமாகப் போய் வரலாம். மூட்டு வலிக்கும் ஒருவரை அவர் விரும்பிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க இவ்வளவு போதும்.

உங்கள் வீட்டுப் படிக்கட்டின் அடியிலும் இப்படி ஒரு கியர் சைக்கிள் கிடக்கலாம். பழைய இரும்புக்காரருக்குப் போடுமுன் ஒருமுறை துடைத்துப் பாருங்கள். சட்டத்தில் விரிசல் இல்லையென்றால் அது இன்னும் பல வருடம் உழைக்கும். மோட்டார் மாட்ட ஆசைப்பட்டால் தெரிந்த வேலையை நிதானமாகச் செய்யுங்கள், தெரியாத வேலையைத் தெரிந்தவரிடம் கொடுங்கள். பாட்டரியில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள்.