தீவுக்கு இரண்டு விசா

ஆகஸ்ட் 30

நிச்சயதார்த்தம் முடிந்து மூன்று நாள்தான் ஆகிறது. சமையல்காரர் பாக்கியே இன்னும் தீரவில்லை, அதற்குள் போனில் தேனிலவுப் பேச்சு. மாமியார் வீட்டில் கொடைக்கானல் என்கிறார்கள். என் தோழிகளுக்கு மாலத்தீவை விட்டால் வேறு ஊர் தெரியாது. அவர் மட்டும், "வெஸ்ட் இண்டீஸ் போலாமா?" என்றார். விவியன் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஆண்டிகுவாவைப் பார்க்க வேண்டுமாம். புது மனைவியை அழைத்துக்கொண்டு பாதி உலகம் தாண்டிப் போய் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் வாசலில் நிற்க ஆசைப்படுகிற மனிதரிடம் எப்படிக் கோபித்துக்கொள்வது?

வரைபடத்தில் விரலைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தினேன். பட்டாம்பூச்சி சிறகு விரித்த மாதிரி ஒரு தீவு. குவாதலூப். பிரான்சின் மாவட்டம், செலாவணி யூரோ. "அங்க கிரிக்கெட் உண்டா?" என்று கேட்டார். "கால்பந்துதான். லிலியன் துராம் பிறந்த ஊர்" என்றேன். ஐந்து நொடி மௌனம். "சரி, அனுப்பு, பாக்கறேன்."

செப்டம்பர் 7

பெரியப்பாவிடம் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "குவாதலூப்பா? நம்ம காரைக்கால்லேர்ந்து கப்பலேறிப் போன இடமாச்சே" என்றார்.

1848இல் பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமை முறை ஒழிந்தது. விடுதலை பெற்றவர்களில் பலர் கரும்புத் தோட்டத்துப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. யார் பார்ப்பார்கள்? முதலாளிகள் ஆள் தேடிப் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் வந்தார்கள். ஐந்து வருட ஒப்பந்தம், கூலி, முடிந்ததும் ஊர் திரும்பக் கப்பல் என்று சொல்லி ஏற்றினார்கள். 'ஒரேலி' என்ற முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று புவாந்த்-ஆ-பித்ர் துறைமுகத்தில் போய் நின்றது. 1889 வரை ஏறத்தாழ 42,000 பேர். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம்தான். முத்துசாமி அங்கே 'முத்துசமி' ஆனார், சிதம்பரம் 'சிதம்பரோம்' ஆனார். குமாஸ்தா காதில் விழுந்ததுதான் பெயர்.

"நம்ம வீட்டுலேர்ந்து யாராவது போனாங்களா பெரியப்பா?"

"இல்லம்மா. அப்படி யாரும் போனதா நான் கேள்விப்படல."

ஏமாற்றமாக இருந்தது. தேனிலவுக்கு ஒரு சோகக் கதையும் துணைக்கு வேண்டும் என்று ஏன் நினைத்தேன்? வெட்கமாகவும் இருந்தது. ஆனால் தீவு அப்போதே முடிவாகிவிட்டது.

செப்டம்பர் 21

பயண ஏஜென்ட் ஒருவர் "ஷெங்கன் விசா இருந்தா போதும் மேடம், பிரான்ஸ்தானே" என்று அடித்துச் சொன்னார். அந்த நம்பிக்கையில் பத்து நாள் போயிற்று. நல்ல வேளை, பணம் கட்டவில்லை. பிரான்ஸ்தான், ஆனால் ஷெங்கன் அந்தக் கடற்கரையில் செல்லாது. தீவில் இறங்க அதற்கென்று தனி விசா. பாரிஸில் ஒரு விமான நிலையத்தில் இறங்கி, ஊரைச் சுற்றிக்கொண்டு ஓர்லிக்குப் போய் அடுத்த விமானம் பிடிக்கிறோமே, அதற்கு ஷெங்கன். ஆக, இரண்டு.

படிவங்களை நிரப்ப உட்கார்ந்தோம். வங்கிக் கணக்கு, வேலைச் சான்று, தங்குமிடம், காப்பீடு. எல்லாவற்றுக்கும் மேலே திரும்பி வரும் டிக்கெட். எங்கே போகிறோம் என்பதைவிடத் திரும்பி வருவோமா என்பதில்தான் அவர்களுக்குக் கவலை. 1854இல் கரும்பு வெட்ட ஆள் வேண்டியிருந்தபோது இந்தக் கவலை யாருக்கும் இருக்கவில்லை. அவரிடம் சொன்னேன். "கொஞ்சம் தேனிலவு மூடுக்கு வா" என்றார். நியாயம்தான்.

அக்டோபர் 5

பருவம் பார்த்தோம். ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். டிசம்பரிலிருந்து மே வரை மழை குறைவு. அந்தப் பருவத்துக்குக் 'கரேம்' என்று பெயர். கல்யாணம் தையில், மறுவீடு விருந்தெல்லாம் முடித்து மாசியில் கிளம்பினால் சரியாக இருக்கும். சங்கடம் என்னவென்றால் அதே சமயத்தில்தான் அங்கே கார்னிவல். பாரிஸ் பள்ளிகளுக்கு விடுமுறையும் அப்போதுதான். விமானக் கட்டணத்தைப் பார்த்துவிட்டு அவர் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். கார்னிவல் முடிந்த மறுவாரம் என்று முடிவு செய்தோம். ஆட்டம் பாட்டம் போகட்டும், பந்தல் பிரித்த பிறகு போகிற விருந்தாளிகள் நாங்கள்.

எந்தக் கரையில் தங்குவது என்பது அடுத்த சண்டை. படத்தில் எல்லாக் கடற்கரையும் ஒரே நீலம். ஆனால் 2011 முதல் சர்காசம் என்ற பழுப்புப் பாசி அட்லாண்டிக்கிலிருந்து மிதந்து வந்து கிழக்கு, தெற்குக் கரைகளில் குவிகிறது. அழுகினால் முட்டை கெட்ட நாற்றம். ஆகவே மேற்குக் கரையில் தெஏ என்ற மீனவர் ஊர். மலையடிவாரத்தில் விடுதி, பக்கத்திலேயே கிராந்த் ஆன்ஸ் கடற்கரை. கடலோரத்தில் மான்சினியே என்று ஒரு மரம் உண்டாம். சிவப்புப் பட்டை அடித்து வைத்திருப்பார்கள். பார்க்கச் சின்ன ஆப்பிள் மாதிரி பழம், தின்றால் தொண்டை வெந்துபோகும். மழைக்கு அதன் கீழ் ஒதுங்கினாலே சொட்டும் பால் பட்டுத் தோல் கொப்பளிக்கும். சினிமாவில் காதலர்கள் மழைக்கு ஒதுங்குவது ஞாபகம் வந்தது.

அம்மாவுக்கு எரிமலை விஷயம் எப்படியோ தெரிந்துவிட்டது. சூஃப்ரியேர், 1,467 மீட்டர். 1976இல் அது பொங்கத் தொடங்கியபோது எழுபதாயிரம் பேருக்கு மேல் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியேறினார்கள். "தாலி கட்டின கையோட எரிமலைக்கா போவாங்க?" என்று அரை மணி நேரம். பெரியப்பாதான் சமாதானம் செய்தார்.

அக்டோபர் 26

இன்று முழுக்க சாப்பாடும் துணியும்.

அங்கே கொலம்போ என்று ஒரு குழம்பு இருக்கிறது. ஆட்டுக்கறியிலோ கோழியிலோ வைப்பார்கள். மல்லி, சீரகம், மஞ்சள், வெந்தயம், கடுகு, மிளகு அரைத்த பொடி. நம் குழம்புப் பொடியேதான், மிளகாய்தான் இல்லை. தனியாக ஒரு மிளகாயைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார்களாம். பாவக்காய்க்கு 'பவோக்கா'. தப்புக்கு 'தபூ', மத்தளத்துக்கு 'மத்தலோன்'. மாரியம்மன் 'மலியேமின்'. பேச்சுத் தமிழ் எப்போதோ போய்விட்டது. பூசாரி பாடும் பாட்டில் மட்டும், பொருள் தெரியாமல் காதால் கேட்டுக் கற்ற தமிழ் இருக்கிறது. ஆடு பலியிட்டு அன்று மாலை எல்லாருக்கும் கொலம்போ. கப்பெஸ்தேரில் ஷாஞ்சி என்ற பெரிய கோயில். அதற்கு ஒரு நாள் ஒதுக்கிவிட்டோம். அதே ஊர்க்காரர்தான் ஆன்ரி சிதம்பரோம். கூலிகளின் பிள்ளைகளுக்கும் ஓட்டுரிமை வேண்டும் என்று 1904இல் வழக்காடத் தொடங்கி 1923இல்தான் ஜெயித்தார். காரைக்காலில் இன்றும் பிரெஞ்சுத் தேர்தலில் ஓட்டுப் போடுகிறவர்களை எனக்குத் தெரியும். பத்தொன்பது வருடம் யாரும் வழக்காடிப் பெற்றதில்லை அது.

துணி கதை வேறு. அந்தத் தீவுப் பெண்களின் பாரம்பரிய உடையே 'மத்ராஸ்'. கட்டம் போட்ட பருத்தி. படத்தைத் தாத்தாவிடம் காட்டினேன். "இது என் லுங்கிம்மா" என்றார். தவறில்லை. கிழக்கிந்தியக் கரையில் நெய்து கப்பலில் போன துணிதான். அங்கே அதைத் தலையில் முடிச்சுப் போட்டுக் கட்டுவார்கள். ஒரு முனை நிமிர்ந்தால் மனசு காலி, இரண்டு என்றால் ஒருவருக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, மூன்று என்றால் கல்யாணமானவள். நான்கு என்றால், ஆகிவிட்டது, ஆனாலும் இடமிருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னதிலிருந்து மூன்று முனைக் கட்டு எப்படி என்று வீடியோ தேடி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்.

நவம்பர் 16

பத்திரிகை அடிக்கக் கொடுத்தாயிற்று. கார்பே அருவி உண்டு, சூஃப்ரியேர் ஏறுவது கிடையாது (அம்மாவிடம் சத்தியம்). த்ரோய்-ரிவியேரிலிருந்து படகேறி லே சாந்த் தீவுகளுக்கு ஒரு நாள். அங்கே படகுத்துறையிலேயே கூடையில் வைத்து விற்கிற தேங்காய்ப் பூரணப் பணியாரத்துக்குத் 'துர்மான் தமூர்', காதல் வேதனை, என்று பெயர். கடலுக்குப் போன புருஷன் வருவானா என்று காத்திருந்த பெண்கள் சுட்டதாம். அவர் நாலு வாங்குவாராம், இப்போதே சொல்லிவிட்டார்.

டிசம்பர் 24

பாஸ்போர்ட் இரண்டும் கூரியரில் வந்தன. இரண்டு விசாவும் இருக்கின்றன. மாலையில் இருவர் வீட்டாரும் வந்திருந்தார்கள், நானும் அவரும் அரசலாறு கடலில் சேரும் இடம் வரை நடந்தோம். தேதியை நினைவுபடுத்தினேன். கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "மூணு மாசம் கப்பல்ல என்ன சாப்பிட்டிருப்பாங்க?" என்றார். எனக்குத் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தால், பெட்டி இன்னும் எடுக்கவேயில்லை, அம்மா அதற்குள் ஒரு பொட்டலம் கட்டி வைத்திருந்தாள். மிளகாய்த் தூள், கால் கிலோ.

"மிளகாய் போடாம என்ன குழம்பு அது? அங்க யாராச்சும் கேட்டா குடுத்துட்டு வா."