மூன்றாண்டுக் கிளைக்கு ஏற்ற கத்தி

ட்ரக்டரில் பூட்டும் வேலிவெட்டி வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது கையின் நீளத்தை. ஐந்து மீற்றர் போதுமா, ஆறு வேண்டுமா? அடுத்த கேள்வி விலை. இங்கிலாந்தின் ஹெரஃபோர்ட்ஷயரில் ஒரு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் ஊர்த் தம்பி ஒருவனும் போன மாதம் தொலைபேசியில் அதைத்தான் கேட்டான்.

"அண்ணை, முதலாளி புது மெசின் எடுக்கப் போறாராம். எது நல்லதெண்டு என்னட்டக் கேக்கிறார். என்னத்தைச் சொல்ல?"

"மெசினை விடு. உங்கட வேலியளை எத்தினை வருசத்துக்கு ஒருக்கா வெட்டுறவை?"

"செப்ரெம்பர் வந்தா வெட்டுறது அண்ணை. எல்லாத்தையும்."

பல பண்ணைகளில் இன்றும் வழக்கம் அதுதான். ஆனால் கத்தியின் எடை, வெட்டும் தலையின் வலு, ட்ரக்டரின் கனம், வெட்டும் மாதம் எல்லாமே நான் கேட்ட அந்தக் கேள்விக்கான விடையைப் பொறுத்தவை. ஓராண்டு வளர்ச்சியை வெட்ட ஓர் இயந்திரம் போதும். மூன்றாண்டு வளர்ச்சிக்கு வேறொன்று வேண்டும். மூன்றாண்டுக்கு ஒருமுறை வெட்டுங்கள், அதற்கேற்ற இயந்திரத்தை எடுங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். காரணத்தை வேலியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் வேலை செய்யும் தெற்கு ஷ்ரொப்ஷயரில் வயலுக்கும் வயலுக்கும் எல்லை உயிர்வேலி. ஹோதோர்ன், பிளாக்தோர்ன், ஹேசல், ஹொலி, இடையிடையே காட்டு ரோசா. ஹோதோர்ன் மே மாதம் வெள்ளையாகப் பூத்து, இலையுதிர்காலத்தில் சிவப்பாகக் காய்க்கும். பூ பெரும்பாலும் முந்திய ஆண்டு முளைத்த கிளையில்தான் வரும். ஆண்டுதோறும் அதே உயரத்தில் வெட்டினால், பூக்க வேண்டிய கிளை ஒவ்வொரு குளிர்காலமும் தூளாகித் தரையில் கிடக்கும். வேலி பச்சையாகத்தான் நிற்கும்; பூவும் இராது, பழமும் இராது. வடக்கிலிருந்து குளிருக்கு இங்கே இறங்கும் ரெட்விங், ஃபீல்ட்ஃபெயார் பறவைகளுக்கு அந்தப் பழம்தான் சாப்பாடு.

பிளாக்தோர்னுக்கு இன்னொரு கதை உண்டு. பிரவுண் ஹெயர்ஸ்ட்ரீக் என்ற வண்ணத்துப்பூச்சி கோடை முடிவில் அதன் இளங்கிளைகளில் முட்டையிடும். குளிர்காலம் முழுவதும் முட்டை அங்கேயே ஒட்டியிருக்கும். வூஸ்ரர்ஷயர்ப் பக்கம் வேலைக்குப் போகும்போது ஜனவரியில் நான் பார்ப்பதுண்டு. இலையில்லாத கிளையை மெல்லப் பிடித்து, முள் புறப்படும் கவட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். கரிய பட்டையில் குண்டூசித் தலையை விடச் சிறிய வெள்ளைப் புள்ளி. கண் பழகிவிட்டால் நடந்தபடியே கண்டுபிடிக்கலாம். வேலியின் முழு நீளத்தையும் ஆண்டுதோறும் வெட்டும் இடத்தில் அவற்றில் பெரும்பகுதி கத்திக்கே போய்விடும்.

அதனால் பண்ணையின் வேலிகளை மூன்று பங்காகப் பிரித்து, ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு பங்கை மட்டும் வெட்டச் சொல்கிறேன். மற்ற இரண்டு பங்கும் பூத்துக் காய்க்கும். தெருவோரத்துப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. அங்கே வாகனக்காரருக்குப் பார்வை மறைக்கக் கூடாது. அந்த முகத்தை ஆண்டுதோறும் இலேசாகத் தட்டிவிட வேண்டும். வயல் பக்கம் தன் பாட்டில் வளரட்டும்.

இப்போது இயந்திரத்துக்கு வரலாம். ட்ரக்டரில் பூட்டும் முதல் வேலிவெட்டியை மக்கொனல் நிறுவனம் 1948இல் செய்தது. அந்த நிறுவனம் இன்றும் இதே ஷ்ரொப்ஷயரின் லட்லோ நகரில்தான் இருக்கிறது. பழைய இயந்திரங்களில் பல் வைத்த நீண்ட கத்தி முன்னும் பின்னும் ஓடும். இன்று எங்கும் இருப்பது ஃபிளெயில் தலை: ரோட்டர் என்ற உருளைத் தண்டு ஒன்றில் வரிசையாகத் தொங்கும் இரும்புக் கத்திகள், தண்டு சுழலும்போது விரிந்து நின்று அடித்து வெட்டும். ட்ரக்டரின் பின்னால் சுழலும் பி.ரி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்றில் ஹைட்ரோலிக் பம்பை ஓட்டும். பம்பு தள்ளும் எண்ணெய், தலையில் உள்ள மோட்டாரை நிமிடத்துக்கு 3000 சுற்றை ஒட்டி ஓட்டும்.

பல் கத்தி மிகச் சுத்தமாக வெட்டும். ஓராண்டு வளர்ச்சிக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் வெட்டிய கிளை முழுசாக விழும். பின்னால் ஓர் ஆள் அள்ள வேண்டும். ஃபிளெயில் தூளாக்கி வேலியடியிலேயே போட்டுவிடும், அள்ளும் வேலை இல்லை. அது வென்றதற்குக் காரணம் இதுதான். கைவிட்டுப் போன வேலிகளில் கை மொத்தத்துக்கு வளர்ந்துவிட்ட கிளைகளுக்கு வட்ட வாள்கள் பொருத்திய தலை வேண்டும். அங்கே ஃபிளெயிலைக் கொண்டுபோவது வேலிக்கும் நல்லதல்ல, மோட்டாருக்கும் நல்லதல்ல.

மூன்றாண்டு ஹோதோர்ன் கிளை பெருவிரல் மொத்தம் இருக்கும். அதற்கு மெல்லிய புல்வெட்டுக் கத்திகள் உதவாது. பழுக்கக் காய்ச்சி அடித்துச் செய்த கனமான கத்தி வேண்டும். ரோட்டருக்கு 60 முதல் 80 குதிரைவலு வரை கொடுக்கக்கூடிய பம்பும் மோட்டாரும் வேண்டும். விலைப்பட்டியலில் கையின் நீளத்தைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், ரோட்டரின் வலுவை ஓர் ஓரத்தில் போடுவார்கள். அந்த ஓரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். தலையின் அகலம் வேலிக்கு 1.2 மீற்றர் போதும். அகலம் கூடினால் நுனியில் தொங்கும் எடையும் கூடும், மேடு பள்ளத்தில் ஒழுங்காகப் பிடிக்க முடியாது.

நீளத்தைப் பற்றி என் கருத்து இது: ஐந்தரை மீற்றரில் பெரும்பாலான பண்ணை வேலைகள் முடிந்துவிடும். அகன்ற வாய்க்காலுக்கு அப்பால் வேலி இருக்கிறவருக்குத்தான் அதைவிட வேண்டும். நீட்டிய கை ஒரு பக்கமாக ட்ரக்டரைக் கவிழ்க்கப் பார்க்கும். கையும் தலையும் எண்ணெய்த் தொட்டியும் சேர்ந்தால் ஒரு தொன்னுக்கு மேல் போகும். எனவே ட்ரக்டருக்குக் குதிரைவலுவை விடக் கனம் முக்கியம். சக்கரங்களை அகலமாக வைத்து, கை நீளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கச் சக்கரத்தில் எடைக்கட்டி மாட்ட வேண்டும். மூன்று புள்ளி இணைப்பில் தொங்கவிடுவதை விட அச்சோடு பிணைத்துப் பூட்டுவது ஆடாமல் நிற்கும். கழற்றிப் பூட்ட நேரம் எடுக்கும் என்பதால் சிலர் விரும்புவதில்லை. குளிர்காலம் முழுக்க ஒரே ட்ரக்டரில் இருக்கப் போகிறதென்றால் அச்சில் பூட்டுங்கள்.

நான் பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்திலும் எல்லை என்றால் உயிர்வேலிதான். கிளுவை, பூவரசு, முள்முருக்கு, சீமைக்கிளுவைக் கதியால் போட்டு, துளிர்த்த பிறகு கொக்கைச்சத்தகத்தால் குழை வெட்டுவோம். அங்கே வெட்டுகிறவருக்கு வெட்டியது தேவை: பூவரசங்குழை தோட்டத்துக்கு, முள்முருக்கங்குழை ஆட்டுக்கு. ஆடு எவ்வளவு தின்னுமோ அவ்வளவுதான் வெட்டு. இங்கே வெட்டியதை யாரும் கேட்பதில்லை. கேட்பாரில்லாததால் அளவும் இல்லாமல் போய்விட்டது. மேற்கு இங்கிலாந்தில் சம்மட்டி முடிச்சுகளாக நுனி திரண்டு, அடியில் ஆட்டுக்குட்டி நுழையும் ஓட்டைகளோடு நிற்கும் வேலிகளைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும். பல ஆண்டுகள் ஒரே உயரத்தில் வெட்டியதன் விளைவு அது. ஒவ்வொரு முறையும் முந்திய வெட்டுக்குப் பத்து சென்ரிமீற்றர் மேலே வெட்டினால் முடிச்சு விழாது. வேலி மெல்ல உயர்ந்து அகலும். மிக உயர்ந்த பிறகு அடித்தண்டுகளைப் பாதிக்குமேல் சீவிச் சாய்த்துக் கட்டுகிற பழைய கைவேலை இருக்கிறது. சாய்த்த தண்டின் அடியிலிருந்து புதுத் துளிர் கிளம்பி ஓட்டைகளை அடைத்துவிடும். அதை எந்த ட்ரக்டரும் செய்யாது.

எப்போது வெட்டுவது என்பதில் சட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி மார்ச் 1 முதல் ஓகஸ்ட் 31 வரை, சில விலக்குகள் தவிர, பண்ணை வேலிகளை வெட்டக் கூடாது. வேலியின் நடுவிலிருந்து இரண்டு மீற்றருக்கு உழவோ உரமோ மருந்தோ கூடாது. மிகச் சிறிய வயல்களுக்கு இந்த இரண்டு மீற்றர் விதி பொருந்தாது. அதற்கு முன்பும் மானியத்தோடு கட்டிய நிபந்தனையாக இதே தேதிகள் இருந்தன. ஆனால் செப்ரெம்பர் 1 பிறந்ததும் பறவைகள் கூட்டைக் காலி செய்துவிடும் என்று எண்ணக் கூடாது. யெலோஹமர் வேலியின் தாழ்ந்த பகுதியில் செப்ரெம்பரிலும் குஞ்சு வைத்திருக்கும். குஞ்சுள்ள கூட்டைத் தெரிந்தே கலைப்பது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மாதத்திலும் குற்றம்.

விவசாயி செப்ரெம்பரை விரும்புவதற்கு நியாயமான காரணம் உண்டு. அறுவடை முடிந்த நிலம் காய்ந்திருக்கும், விதைக்கு முன் ட்ரக்டர் எங்கும் போகலாம். ஜனவரியிலோ களிமண்ணில் சக்கரம் புதைந்து பயிரையும் நிலத்தையும் கெடுக்கும். பழத்தைப் பறவைகளுக்கு விட்டுவைக்க வேண்டுமென்றால் ஜனவரி கடைசியும் பெப்ரவரியும்தான் சரியான காலம். இதற்கு என் வழி: புல்வெளி ஓரத்து வேலிகளைப் பெப்ரவரிக்கு ஒதுக்குவேன், குளிர்காலப் பயிர் விதைக்கிற வயல்களின் பங்கை மட்டும் முன்னதாக முடிப்பேன். நிலம் உறைந்த காலைகள் கிடைத்தால் விடியமுன் கிளம்பிவிடுவேன். பத்து மணிக்கு மேல் உருகத் தொடங்கினால் ட்ரக்டரைத் தெருவுக்கு எடுத்துவிட வேண்டும்.

ட்ரக்டரில் ஏறுமுன் வேலி நெடுக நடந்து பார்க்காமல் நான் ஒருநாளும் தொடங்குவதில்லை. பழைய முள்கம்பி, வைக்கோல் கட்டிய நைலோன் கயிறு, இலைக்குள் மறைந்த கல் தூண், ஆரோ எறிந்த போத்தல். கம்பி ஒரு துண்டு ரோட்டரில் சுற்றினால் அரைநாள் போய்விடும். கத்தியில் பட்டுத் தெறித்தால் உயிரே போகலாம். கண்ணாடிக்குப் பதில் பொலிகார்பனேட் தகடும் அதற்கு முன் கம்பிவலையும் இல்லாத ட்ரக்டரில் இந்த வேலைக்கு உட்காரக் கூடாது. அதே நடையில் நேராக எழுந்து நிற்கும் நல்ல கன்றுகளுக்கு நிற நாடா கட்டுவேன். 2012இல் இங்கே உறுதிப்படுத்தப்பட்ட ஆஷ் மர நோய் வேலிகளின் பெருமரங்களைச் சாகடித்துக்கொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறை மரம் இப்போது வேலிக்குள் விரல் மொத்தத்தில் நிற்கிறது. ஓட்டுநர் கையைச் சற்றுத் தூக்கினால்தான் அது மரமாகும்.

தலைக்கு மேலேயும் பார்க்க வேண்டும். 11,000 வோல்ட் மின்கம்பி தரையிலிருந்து 5.2 மீற்றர் உயரத்திலும் போகலாம் என்பது இங்குள்ள அளவு. மடித்து நிமிர்த்திய கை அதைச் சுலபமாகத் தொடும். தொட்டுவிட்டால் இறங்காதீர்கள், முடிந்தால் ட்ரக்டரை விலக்கி ஓட்டுங்கள். தீப்பற்றி இறங்கியே ஆக வேண்டுமென்றால் ட்ரக்டரையும் நிலத்தையும் ஒரே நேரத்தில் தொடாமல் எட்டக் குதிக்க வேண்டும். புதிதாக வருகிற பெடியளுக்கு வேறு எதையும் சொல்லுமுன் இதைச் சொல்கிறேன்.

வெட்டும்போது ரோட்டர் முழுச் சுற்றுக்கு வந்த பிறகே தலையை வேலிக்குள் கொடுக்க வேண்டும். பிறகு காதுதான் வேகத்தைத் தீர்மானிக்கும். ரோட்டரின் ஓசை தாழ்ந்தால் வேகம் கூடிவிட்டது. மூன்றாண்டு வளர்ச்சியில் பக்கத்தில் நடப்பவர் என்னை முந்திப் போய்விடுவார், அவ்வளவு மெதுவாகப் போகிறேன். மணிக்கணக்கில் கூலி வாங்குகிற வேலை என்பதால் இது விவசாயிக்கு உறுத்தும். மூன்று ஆண்டுக் கூலியைக் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். ஒவ்வோர் ஆண்டும் எல்லாவற்றையும் ஓட்டுவதை விட மொத்தம் குறையும். வேலை குறையும் என்று ஒப்பந்தக்காரர்கள் சிலர் இதை வெளியே சொல்வதில்லை. சொல்ல வேண்டும்.

கத்தி மழுங்கினால் வெட்டு கிழிசலாகிவிடும். ஒன்றை மாற்றினால் தண்டில் அதற்கு நேரெதிரே உள்ளதையும் சேர்த்து மாற்றுங்கள். எடை சமமில்லாத ரோட்டர் அதிர்ந்து பெயரிங்கைத் தின்றுவிடும். மாற்றும்போது தோல் கையுறை போடுங்கள். பிளாக்தோர்ன் முள் நுனி மூட்டில் முறிந்து தங்கினால் வீங்கிப் பழுத்து, சத்திரசிகிச்சை வரை கொண்டுபோகும்.

தம்பிக்கு நான் கடைசியாகச் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். விற்பவரின் முற்றத்தில் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டுவதைப் பார்த்து வாங்க வேண்டாம். இயந்திரத்தை உங்கள் பண்ணைக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மூன்று ஆண்டு வெட்டாத பிளாக்தோர்ன் வேலியில் ஐம்பது மீற்றர் ஓட்டச் சொல்லுங்கள். பழைய இயந்திரமென்றால், ஓட்டுமுன் தலையின் நுனியைப் பிடித்து மேலும் கீழும் உலுக்கி, மூட்டு முளைகளில் ஆட்டம் எவ்வளவு என்று பாருங்கள். நுனியில் அது பெரிதாகத் தெரியும். கிளை திரண்ட இடத்தில் ரோட்டர் தாழ்ந்து எவ்வளவு விரைவில் மீள்கிறது என்று கேளுங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டு வேலிக்குப் போய், வெட்டுப்பட்ட நுனிகளில் பத்துப் பன்னிரண்டைக் கையால் பிடித்துப் பாருங்கள். பிளவு விரல் நீளத்துக்குள் நின்றிருந்தால் விலை பேசலாம். தண்டு நெடுக வெள்ளையாக உரிந்திருந்தால், அவர் கத்தியை மாற்றிக்கொண்டு இன்னொரு நாள் வரட்டும்.