அட்வான்ஸும் ஒரு துண்டுச் சீட்டும்

கல்யாணமான நாலாம் மாதம், செய்யாறிலிருந்து ஒரகடத்துக்குக் குடித்தனம் வந்தோம். இவருக்குக் கார் உதிரிபாகக் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. லைன் வீட்டில் ஒரு போர்ஷன் கிடைத்தது. ஆறு குடித்தனத்துக்கும் பொதுவாக இரண்டே பாத்ரூம். வாடகை 4,500 ரூபாய். அட்வான்ஸோ பத்து மாத வாடகை!

என் தோடும் வளையலும் அடகுக் கடைக்குப் போயின. 45,000 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "ஒரு சீட்டு எழுதித் தாங்கம்மா" என்றேன்.

"ஏம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார் வீட்டுக்கார அம்மா. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வருஷம் ஓடியது. குழந்தைக்கு ஏழு மாதம் ஆனபோது, "காலி பண்ணிடுங்க" என்றார்கள். காரணம் புரியாமலா? கம்பெனி வேலைக்கு வரும் வெளியூர்ப் பையன்கள் ஆறு பேரை வைத்தால், ஆளுக்கு 1,500 வீதம் 9,000 ஆகிறதே! பெயின்ட், குழாய் என்று கழித்தார்கள். அது போதாதென்று, "நீங்க குடுத்தது நாப்பதுதானே?" என்றும் கேட்டார்கள். சாட்சிக்கு யார் இருக்கிறார்கள்? திரும்பி வந்தது 31,000தான்.

2024 ஆகஸ்டில், வல்லம் வடகாலில் சிப்காட் கட்டிய விடுதி திறக்கப்பட்டது. 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கலாம். நல்ல காரியம்தான். ஆனால் அது தனியாக வேலைக்கு வரும் பெண்களுக்கு. பிள்ளை குட்டியோடு இருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு லைன் வீடுதானே கதி?

அடுத்த வீடு தேடியபோது, பக்கத்து வீட்டு அக்கா சொன்ன பிறகுதான் சட்டம் தெரிந்தது. 2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புது வாடகைச் சட்டம் அமலில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் ஒழிய, அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நாம் தர வேண்டிய பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும்.

புது வீட்டில் பேசிப் பேசி ஐந்து மாத அட்வான்ஸுக்கு இறக்கினோம். அதையும் ஒப்பந்தத்தில் எழுதி, பணத்தை பாங்க் வழியாகவே அனுப்பினோம். கேட்கும்போது நாக்கு உலர்ந்ததென்னவோ நிஜம். அந்த அம்மாவோ, "நல்லதாப் போச்சு, எனக்கும் கணக்கு இருக்கும்" என்றார் சிரித்தபடி.

சகோதரிகளே, நம் மாதிரிக் குடும்பங்களுக்கு அட்வான்ஸ்தான் பெரிய சேமிப்பு. சீட்டுக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டையோடு, அந்த ஒப்பந்தத்தையும் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.