சீதன வீட்டுப் பின்னறை

கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது எங்கயும் எங்கட வழக்கம் ஒண்டுதான்: வீட்டை எழுதிக் குடுத்துத்தான் மகளுக்குக் கலியாணம். கடைசி மகளுக்கும் குடுத்து முடிய, உம்மா வாப்பாக்கு மிஞ்சுறது பின்னறைதான். நல்லாப் பாக்கிற பிள்ளைகள்தான் கூட. ஆனா பாக்காட்டி, உறுதி கையில இல்லாத வயசாளி எங்க போறது?

சட்டம் இருக்கு. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாத்தல் சட்டப்படி, பிள்ளைகளிடம் பராமரிப்புப் பணம் கேட்டுப் பராமரிப்புச் சபைக்குப் போகலாம். பெத்த பிள்ளைக்கு எதிரா எந்த உம்மா போவா? முறைப்பாடுகளை மட்டும் எண்ணினால், இங்கு பிரச்சினையே இல்லை என்டுதான் தெரியும்.

உலகளவில் 60 வயதைத் தாண்டியோரில் ஆறு பேருக்கு ஒருவர் ஒரு வருடத்துக்குள் ஏதோவொரு துன்புறுத்தலுக்கு ஆளாகிறார் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கட கரையில் எவ்வளவு? அதை அறிய, மகள் பக்கத்தில் இல்லாத நேரமாப் பாத்து, அந்தப் பின்னறையில் இருந்து கதைக்க ஆள் வேணும். முதல் தரம் போனா, "அல்ஹம்துலில்லாஹ், ஒரு குறையும் இல்ல" என்பாங்க. மூணாம் தரம்தான், கண்ணாடி உடைஞ்சு ரெண்டு வருஷம் என்ட கதை வெளிய வரும்.

அந்த மூணு தரத்துக்கும் பஸ் காசு யார் தாறது? சின்ன நாடு, காசில்லை என்பார்கள். கலைப்பீடத்தில் நாங்க எப்படியும் ஆய்வு எழுதத்தான் போறம். பத்துப் பேருக்கு ஒரு வருஷப் பயணச்செலவு குடுத்தாலே தொடங்கிரலாம்.