எரு எத்தனை நாளையது?

எருவோடு டிப்பர் வந்து நின்றதும் பொறுப்பாளர் எடைச்சீட்டைப் பார்க்கவில்லை. ஓட்டுநரிடம், "ஏனுங் தம்பி, எத்தன நாள் எருங்க இது?" என்றார். "இருவது நாள் இருக்குங்கண்ணா." ஒரு பிடி அள்ளிப் பிசைந்து பார்த்துவிட்டு, பாதி லோடை மட்டும் இறக்கச் சொன்னார். கோழிக் கூண்டுக்கடியில் கிடக்கக் கிடக்க எருவின் சத்து காற்றோடு போய்விடும். பழைய எருவில் வாயு குறைவு.

நாமக்கல் பக்கத்து முட்டைக்கோழிப் பண்ணைகளின் கழிவில் மின்சாரம் எடுக்கும் ஆலை அது. இங்கிலாந்தின் தெட்ஃபோர்டில் கறிக்கோழிக் கழிவை எரித்தே 38.5 மெகாவாட் நிலையம் நடத்துகிறார்கள். அங்கே மரச்சீவலும் வைக்கோலும் கலந்து காய்ந்த கழிவு கிடைக்கிறது. முட்டைக்கோழி எச்சத்தில் முக்கால் பங்கு நீர், எரிக்க வழியில்லை. காற்றுப் புகாத கலனில் புளிக்கவிட்டு, வரும் வாயுவால் இன்ஜினை ஓட்ட வேண்டும்.

வேலையின் நுட்பம் கலக்குத் தொட்டியில்தான் இருக்கிறது. முட்டை ஓடு கெட்டிப்பட வேண்டுமென்று தீவனத்தில் கிளிஞ்சலும் சுண்ணாம்புக்கல் கிரிட்டும் சேர்க்கிறார்கள். அவற்றில் ஒரு பங்கு எச்சத்தோடு வெளியே வந்துவிடும். தொட்டியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, அடியில் படியும் மணலைத் தொழிலாளர்கள் மண்வெட்டியால் வழித்துக்கொண்டே இருக்கிறார்கள். அசந்தால் அது கலனுக்குள் போய்ப் படிந்து இடத்தை அடைத்துக்கொள்ளும்.

கோழி எருவில் தழைச்சத்து அதிகம். அது அமோனியாவாகி மிகுந்தால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் சோர்ந்துபோகும். அதற்கு இங்கே கைவைத்தியம் மரவள்ளித் திப்பி. ராசிபுரம், சேந்தமங்கலம் வட்டாரச் சேகோ ஆலைகளில் கிழங்கரைத்த பின் மிஞ்சுவது. பத்துப் பதினைந்து நாளான குழந்தைக்குப் பால் புகட்டுவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்கிறார்கள். ஒரேயடியாகக் கொட்டினால் கலன் புளித்துப்போய் வாயு நின்றுவிடுமாம்.

இன்ஜின் அறையில் எனக்கு அதிகம் கேட்கத் தோன்றவில்லை. வாயுவில் ஏறக்குறைய 60 சதவீதம் மீத்தேன். ஒரு கனமீட்டர் சுமார் 2 யூனிட் தரும். இன்ஜினை அரிக்கும் ஹைட்ரஜன் சல்பைடை முன்கூட்டியே பிரித்துவிடுகிறார்கள்.

இன்ஜினுக்குக் கிடைக்கிற அந்தப் பாதுகாப்பு தொட்டியருகே நிற்பவர்களுக்குக் கிடைக்கவில்லை. எருவைக் கிளறும்போதெல்லாம் அமோனியா கண்ணைக் கரித்தது. பாதிப் பேர் துண்டைத்தான் மூக்கில் கட்டியிருந்தார்கள். ஒடிசாவிலிருந்து வந்து தமிழ் பழகிவிட்ட இளைஞர் ஒருவர், "நாத்தம் வந்தா பயம் இல்ல அண்ணா, திடீர்னு நின்னாதான் பயம்" என்றார். அவர் சொன்னது முழு உண்மை. ஹைட்ரஜன் சல்பைடு குறைவாக இருக்கும்போது அழுகிய முட்டையாக நாறும். மிகுந்தால் மோப்பத்தையே மரக்கடித்துவிடும். அடுத்த சில மூச்சில் ஆள் சாய்ந்துவிடலாம்.

வாயுக்கசிவைக் காட்டும் சிறு கருவி பொறுப்பாளர் இடுப்பில் மட்டும் தொங்கியது. தொட்டியில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒன்று வேண்டும் என்றேன். அவர் மறுக்கவில்லை, "இந்த மாசம் பில் வந்ததும் மொத வேல அதுதானுங்க" என்றார்.