டர்போவுக்கும் ஒரு கலங்கல்

ஆசைப்பட்டு என் பழைய டர்போ காருக்கு ஃப்ரீ ஃப்ளோ எக்ஸாஸ்ட் மாட்டினேன் மக்களே, வந்தது வினை. 14 பிஎஸ்ஐ-ல நிக்க வேண்டிய பூஸ்ட், 5000 ஆர்பிஎம் தாண்டினா 18-க்கு ஏறுது. இப்படியே ஓட்டினா பிஸ்டன் காலி.

ரெண்டு வாரம் ஆக்சுவேட்டர் ராடை லூசாக்கிப் பார்த்தேன். கீழே பூஸ்ட் குறைஞ்சுது, மேல ஏறுறது நிக்கலை. வேஸ்ட்கேட் முழுசா திறந்தாலும் புகை வெளியேற ஓட்டை பத்தலை. மிச்சமெல்லாம் டர்பைனைச் சுத்துது. ஏரிக் கலங்கல் சின்னதா இருந்தா வெள்ளத்துல கரை உடையும்ல, அதே கதை.

டர்போவைக் கழட்டி, மூடி உட்கார விளிம்பு விட்டு, ஓட்டையைக் கிரைண்டரால பெருசாக்கினேன். இப்ப முள் 14 தாண்டலை.

ஆபீஸ்லயும் இதே பழக்கம்தான்: பக் எங்கயோ, நான் நோண்டுறது எங்கயோ :-)