நாற்பது தோட்டம் இருந்தால்!

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் பத்து கிலோமீட்டர் சொச்சம். போகிற வழியில்தான் சுருளிப்பட்டி. ஆனால் இறங்குகிறவர்கள் குறைவு. அருவியில் தலையைக் காட்டுவது, கைலாசநாதர் குகைக்கு ஒரு கும்பிடு போடுவது, ரோட்டோரம் ஒரு கிலோ பன்னீர் திராட்சை வாங்கி, கொட்டையைத் துப்பிக்கொண்டே ஊரைத் தாண்டிவிடுவது. இதுதான் வழக்கம். ஆடி அமாவாசைக்கும் தை அமாவாசைக்கும் தர்ப்பணம் கொடுக்க வருகிற கூட்டத்துக்கு ஊரைப் பார்க்க நேரம் ஏது?

நானும் என் அக்கா மகனும் இறங்கினோம். பையனுக்குக் கொஞ்ச நாளாக மனசு சரியில்லை. 2025 ஆகஸ்ட்டில் பார்லிமெண்ட் ஒரு சட்டம் போட்டது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கெல்லாம் தடை. அதில் அவனுடைய ராத்திரி உத்தியோகம் போய்விட்டது. என்ன உத்தியோகம் என்கிறீர்களா? போக்கர்!

தெரியாதவர்களுக்கு: ஆளுக்கு இரண்டு சீட்டு கையில், ஐந்து சீட்டு நடுவில், எல்லோருக்கும் பொது. நல்ல சீட்டு சேர்ந்தும் ஜெயிக்கலாம். ஒன்றுமே இல்லாமல் பந்தயத்தை ஏற்றிவிட்டு, எதிராளி பயந்து சீட்டைக் கவிழ்த்தாலும் ஜெயிக்கலாம். நம்மூர் மூணு சீட்டுக்குக் கோட்டு மாட்டி இங்கிலீஷ் பேச வைத்தால் போக்கர்.

"இது சூதாட்டம் இல்லை மாமா, திறமை!" என்பான் பையன். 2023 நவம்பரில் சென்னை ஹைகோர்ட்டும் அப்படித்தான் சொன்னது. ரம்மியும் போக்கரும் திறமை சார்ந்த ஆட்டங்கள் என்று, தமிழக அரசின் 2022-ம் வருஷத்துச் சட்டத் தடையிலிருந்து இரண்டையும் விலக்கிவிட்டது. அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்காத குறை. அப்புறம் 2025-ல், ராத்திரி 12 மணியிலிருந்து காலை 5 மணிவரை ஆடக் கூடாது என்று மாநில அரசு விதி கொண்டுவந்தது; ஹைகோர்ட் அதையும் சரி என்றது. கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி பன்னிரண்டு மணிக்கு மேல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். அக்கா சொன்னது. ஆகஸ்ட்டில் பஸ் ஸ்டாண்டையே மூடிவிட்டார்கள்!

சுருளிப்பட்டித் தோட்டங்களுக்குள் நிமிர்ந்து நடக்க முடியாது. கல்தூண் நட்டு, குறுக்கும் நெடுக்கும் கம்பி இழுத்து, அதன்மேல் கொடியைப் படரவிட்டிருக்கிறார்கள். வெளியே சுள்ளென்று வெயில். பந்தலுக்குக் கீழே பச்சை வெளிச்சம். கைக்கெட்டும் உயரத்தில் கறுப்புக் கறுப்பாகக் குலைகள். அந்நிய தேசத்தில் இந்த ரகத்துக்கு மஸ்கட் ஹாம்பர்க் என்று பெயர். பன்னீர் என்பது நாம் வைத்த செல்லப் பெயர். 2023-ல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. ஒரு தோட்டத்தில் பழம், பக்கத்துத் தோட்டத்தில் இப்போதுதான் பூ, அதற்கடுத்ததில் கவாத்து முடிந்து வெறும் குச்சி. ஆளுக்கொரு தேதியில் கவாத்து பண்ணுவதால் இந்தப் பள்ளத்தாக்கில் வருஷம் பூராவும் எங்காவது ஓரிடத்தில் பழம் இருக்கிறது.

"குனிஞ்சு வாங்கண்ணே, கம்பி தலையில தட்டிரும்" என்று ஒருவர் வரவேற்றார். ஒரு ஏக்கர் சொந்தக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஒரு குலையை வெட்டி எங்கள் கையில் கொடுத்துவிட்டு, "தம்பிக்கு என்ன ஜோலி?" என்றார். பையன் மறைக்கவில்லை. சொல்லிவிட்டான். அவருக்கு ஆச்சரியம்.

"வீட்டை வித்துட்டீகளோ?"

"இல்லண்ணே. அதுக்குத்தான் பேங்க்ரோல்னு ஒண்ணு இருக்கு. ஆடறதுக்குன்னே தனியா ஒதுக்கி வெச்ச பணம். வாடகை, அரிசி, பருப்பு எதுவும் அதுல சேராது."

"கைமுதல்னு சொல்லுங்க."

சரியான வார்த்தை. பையனின் கைமுதல் எட்டாயிரம் ரூபாய். ஒரு மேசையில் உட்கார 200 ரூபாய். அதாவது நாற்பதில் ஒரு பங்கு. அதற்கு மேல் வைக்க மாட்டான். கைமுதல் இருபதாயிரமாக வளர்ந்தால் 500 ரூபாய் மேசைக்கு ஏறுவான். பதினைந்தாயிரத்துக்கு இறங்கினால், மானம் ரோஷம் பார்க்காமல் பழையபடி 200 ரூபாய் மேசை. ஏறுவது எல்லாருக்கும் வரும், இறங்குவதுதான் வித்தை என்பான். அக்கா மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, பையன் அதில் கெட்டிக்காரன்.

இந்த விஷயத்தில் அவன் குலதெய்வமாகக் கும்பிடுகிற ஆசாமி கிறிஸ் ஃபெர்குசன் என்கிற அமெரிக்கர். கம்ப்யூட்டர் சயின்ஸில் டாக்டர் பட்டம் வாங்கியவர். 2000-ல் போக்கர் உலகப் பட்டம் ஜெயித்தவர். சீட்டை வீசியே வாழைப்பழத்தை வெட்டுவார். (சின்னமனூர் பக்கம் வந்தால் வெட்டித் தீராது!) இவர் 2006-ல் ஃபுல் டில்ட் என்ற இணையதளத்தில் சைபரிலிருந்து ஆரம்பித்தார். காசு கட்டாத இலவசப் போட்டிகளில் ஜெயித்த சில்லறைதான் முதல். ஒரு மேசைக்குக் கைமுதலில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் கொண்டுபோகக் கூடாது. மேசையில் இருப்பது பத்து சதவீதத்தைத் தாண்டினால், ஜெயித்துக்கொண்டிருந்தாலும் எழுந்துவிட வேண்டும். இப்படி விரதம் மாதிரி ஆடி, 2007-ல் பத்தாயிரம் டாலரைத் தொட்டார்.

கதை அங்கே முடியவில்லை. 2011 ஏப்ரலில் அமெரிக்க அரசு நடவடிக்கை எடுத்து, அந்த இணையதளமே படுத்தது. ஆட்டக்காரர்களுக்குத் தர வேண்டியது 39 கோடி டாலர், பேங்கில் இருந்தது 6 கோடிதான் என்று அரசுத் தரப்பு குற்றம்சாட்டியது. ஆடுகிறவனுக்குக் கைமுதல் பாடம் நடந்த கடையில், கல்லாவில் கைமுதல் இல்லை!

திறமை இருக்கிறதே, பிறகு எதற்கு இத்தனை பயம்? ஒரு சின்னக் கணக்கு பாருங்கள். நீங்களும் நானும் காசைச் சுண்டி, பூவா தலையா விளையாடுகிறோம். தடவைக்கு ஒரு ரூபாய். கள்ளத்தனம் கிடையாது. என்னிடம் 100 ரூபாய், உங்களிடம் 900. ஒருத்தர் ஓட்டாண்டி ஆகிறவரை ஆடினால், பத்துக்கு ஒன்பது தடவை ஓட்டாண்டி நான்தான். ஆட்டம் நியாயமானதுதான், என் பை சின்னது, அவ்வளவே. தர்மபுத்திரர் விஷயத்தில் பையனுக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. சகுனியின் பகடை இருக்கட்டும், நாட்டை ஒரே ஆட்டத்தில் வைப்பார்களா? நாற்பதாகப் பிரித்து வைத்திருந்தால் இந்திரப்பிரஸ்தத்தில் இரண்டு தெரு போயிருக்கும், பாஞ்சாலி வரை போயிருக்காது என்பான்.

"சரி தம்பி, கடைசியில எவ்வளவு தேறுச்சு?" என்றார் தோட்டக்காரர். சம்சாரிக்கு இந்தக் கேள்விதான் முக்கியம்.

பதினாலு மாசத்தில் எட்டாயிரம், முப்பத்தோராயிரம் ஆகியிருக்கிறது. அவர் புருவத்தைத் தூக்கினார். நான் மீதியைச் சொன்னேன். ஆட்டத்துக்கு ஆட்டம், ஜெயிக்கிறவன் பணத்திலிருந்து நூற்றுக்கு ஐந்து அளவில் கம்பெனி எடுத்துக்கொள்ளும். அது போகத்தான் இந்த முப்பத்தோராயிரம். மேசைகளை மூடியதும் பணத்தை வெளியே எடுத்தான். லாபம் 23,000. அதில் 30 சதவீதம், அதாவது 6,900 ரூபாய், வருமான வரி. கையில் நின்றது 24,100. போட்ட எட்டாயிரத்தைக் கழித்தால் 16,100. உட்கார்ந்த நேரம் சுமார் 800 மணி. மணிக்கு இருபது ரூபாய்! 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே தினக்கூலி 336 ரூபாய். அதில் கண்ணும் கெடாது.

பையன் என்னை முறைத்தான். பிறகு தோட்டக்காரரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டான். "ஒரு வெள்ளாமைக்கு உங்க கைமுதல்ல நூத்துக்கு எவ்வளவு போடுவீங்கண்ணே?"

அவர் யோசிக்கவே இல்லை.

"நூத்துக்கு நூத்திருவது."

பையன் வாயிலிருந்த திராட்சையைக் கொட்டையோடு முழுங்கிவிட்டான்.

"அந்த இருவது யாவாரி குடுக்கற அட்வான்சு. இல்லாட்டி நகை. மருந்து, உரம், ஆள் கூலின்னு லட்ச ரூவா போட்டேன்னு வைங்க. பழுக்கிற நேரத்துல ரெண்டு நாள் விடாம மழை பேஞ்சா பழம் வெடிச்சுரும். சாம்பல் நோய் விழுந்தா அதுவும் போச்சு. எல்லாம் நல்லா இருந்தா, அன்னிக்கு வெல இருக்காது. ஜெயிச்சாலும் தோத்தாலும் கமிஷன் மட்டும் போயிரும். அது உங்க கம்பெனிக்காரன் மாதிரிதான்."

பையன் மனசுக்குள் கணக்குப் போடுவது எனக்குத் தெரிந்தது. கவாத்து பண்ணி சுமார் நாலு மாசத்தில் பழம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வருஷத்தில் ஐந்து அறுவடை. நாற்பது அறுவடை பார்க்கப் பதினாறு வருஷம்! நாலு மேசை திறந்து வைத்துக்கொண்டு நாற்பது ஆட்டம் ஆட அவனுக்குப் பத்து நிமிஷம். நல்லதும் கெட்டதும் சரிக்குச் சரியாகி, திறமை மேலே வருவதற்கு ஆயிரக்கணக்கில் ஆட்டம் வேண்டும். இவருக்கு ஆயுசில் எத்தனை வெள்ளாமை?

"சின்ன மேசைக்கு இறங்க முடியாதாண்ணே?"

"கல்லுக்காலைப் புடுங்கி எங்கிட்டுத் தம்பி வைக்கிறது? நீங்க சொல்ற கணக்கு நாப்பது தோட்டம் இருக்கறவனுக்கு."

சொன்னாரே தவிர, மனிதர் கண்ணை மூடிக்கொண்டு ஆடுகிற ரகம் இல்லை. தோட்டத்தைச் சுற்றிக் காட்டியபோதுதான் கவனித்தோம். ஒரு ஏக்கரை இரண்டாகப் பிரித்திருக்கிறார். கிழக்குப் பாதியில் கவாத்து முடிந்து ஒரு மாசம் கழித்துத்தான் மேற்குப் பாதி. ஒரு மழை இரண்டையும் சேர்த்துக் கொண்டுபோகாது. வரப்பில் தென்னை. வீட்டில் இரண்டு பசு. பால் காசு அரிசிக்கு, அதில் மருந்து வாங்குவதில்லை. நாற்பது முடியாவிட்டாலும் இரண்டாவது!

திறமைக்குச் சம்பந்தமே இல்லாமல் வருகிற ஏற்ற இறக்கத்தை 'வேரியன்ஸ்' என்பான் பையன். தோட்டக்காரர் அதற்கு யானை என்று அர்த்தம் சொன்னார். சின்னக்கானலில் கேரள வனத்துறை பிடித்து வேறு காட்டில் விட்ட அரிக்கொம்பன், மலையிறங்கி 2023 மே 27-ம் தேதி கம்பம் டவுனுக்குள்ளேயே புகுந்துவிட்டது. அப்புறம் சுருளிப்பட்டிப் பக்கமும் சுற்றியது. ஜூன் 5-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்துக்கொண்டு போகிறவரை, பழுத்த தோட்டத்துக்குப் போகவும் பயம், போகாமலிருக்கவும் பயம்.

"யானைக்கு எத்தனை சதவீதம் தம்பி ஒதுக்கறது?"

பையனிடம் பதில் இல்லை. இவர் மாதிரி ஆட்கள் குமுளிக்கு ஏறிப்போய்க் கேரளா லாட்டரி வாங்கினால் நமக்கு இளப்பமாக இருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை ஒழித்தாயிற்று. கேரளாவில் அரசாங்கமே விற்கிறது. இவர் வாங்குவதில்லையாம். "அது எதுக்குண்ணே, இதுவே பத்தும்" என்று பந்தலைக் காட்டினார்.

கிளம்பும்போது கேட்டார்: "தம்பி, அந்த இருவத்தி நாலாயிரம் சும்மாதானே கெடக்கு? மேக்குப் பாதிக்குக் கவாத்து போடணும். பங்குக்கு வர்றீகளா?"

பையன் செல்போனை எடுத்துத் தட்டினான். இருபத்து நாலாயிரத்து நூறில் நாற்பதில் ஒரு பங்கு.

"அறுநூத்தி ரெண்டு ரூபா அம்பது பைசா வருதுண்ணே. அதுக்கு மேல என் விதிப்படி..."

அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த தோட்டத்திலிருந்து ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு மருந்து டப்பா மூடி கூட வராது. பேசாம பழமா வாங்கிக்கங்க."

அறுநூறு ரூபாய்க்குப் பழம் நிறுத்துக் கொடுத்தார். கம்பம் பஸ்ஸில் கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் போட்டார். அதற்குப் பையன் கைமுதலைத் தொடவில்லை. என் பர்ஸைத் தொட்டான்.